நூலின் எண்ணும் நரம்பின் பருமையும்

சென்னிமலையின் அடிவாரத்துத் தெருக்களில் நடந்து செல்வோர் காதில் முதலில் விழுவது தறியின் ஓசை. முருகப்பெருமானின் மலைக்கோயிலால் பெயர் பெற்ற அவ்வூர், போர்வைகளாலும் படுக்கை விரிப்புகளாலும் நாடெங்கும் அறியப்பட்டது. கொடி காத்த குமரன் 1904ஆம் ஆண்டில் பிறந்ததும் அவ்வூரிலேதான். அங்கே ஒரு நெசவாளரிடம் சென்று, “இந்தப் பாவு எத்தனையாம் நம்பர் நூல்?” என்று கேட்டால், அவர் நூலை இரு விரல்களுக்கிடையே உருட்டிப் பார்த்துவிட்டு விடை சொல்வார். அவருக்கு அளவுகோல் வேண்டுவதில்லை. விரலே அவருக்குத் துலாக்கோல்.

நெசவாளரின் இந்த விரலறிவுக்கும் இசைக் கலைஞரின் செவியறிவுக்கும் நெருங்கிய உறவு உண்டு. நரம்புக் கருவி எதுவாயினும், அதற்கு எத்துணைப் பருமையுள்ள நரம்பு பூட்டுவது என்பது முதற் கேள்வி. அதிலும் மெட்டு இல்லாத கருவிக்கு அக்கேள்வி இன்னும் கூர்மையானது. அக்கேள்விக்குத் தமிழர் எவ்வாறு விடை கண்டனர், கண்ட விடையில் எதைக் காத்தனர், எதை இழந்தனர் என்பதே இன்றைய பேச்சின் பொருள். இதற்குச் சான்று தேடித் தொலைவில் அலைய வேண்டியதில்லை. தமிழிசை வரலாற்றின் அரிய சான்றுகள் சில, சென்னிமலையைச் சூழ்ந்த கொங்கு நாட்டிலேயே கிடைத்துள்ளன.

முதலில் நூலின் கணக்கைப் பார்ப்போம். பருத்தி நூலுக்கு எண் இடும் முறை எளியது. 840 கெஜம் நீளமுள்ள நூல் ஒரு சிட்டம். ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை சிட்டம் நிற்கிறதோ, அதுவே அந்நூலின் எண். பத்துச் சிட்டம் நின்றால் பத்தாம் எண். நாற்பது நின்றால் நாற்பதாம் எண். ஆகவே எண் ஏற ஏற நூல் மெலிகிறது. நாற்பதாம் எண் நூல் ஒரு பவுண்டில் 33,600 கெஜம் ஓடும். பத்தாம் எண் நூல் 8,400 கெஜமே ஓடும். ஒரே நீளத்தை எடுத்து நிறுத்தால், பத்தாம் எண் நூல் நாற்பதாம் எண் நூலைப்போல் நான்கு மடங்கு எடை இருக்கும். எடை நான்கு மடங்காயினும் குறுக்களவு இரண்டு மடங்கே. வட்டத்தின் பரப்பு குறுக்களவின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று வகுப்பில் படித்த பாடம் இங்கே தறிமேடையில் நிற்கிறது.

இனி இதே கணக்கை நரம்பின்மேல் ஏற்றுவோம். ஒரு நரம்பின் ஒலி மூன்றைப் பொறுத்தது: அதன் நீளம், அதன் இழுவிசை, ஓர் அலகு நீளத்துக்கு அதன் எடை. நீளத்தைப் பாதியாக்கினால் ஒலி ஒரு தானம் மேலே செல்லும். இழுவிசையை நான்கு மடங்காக்கினாலும் ஒரு தானம் மேலே செல்லும். எடையை நான்கு மடங்காக்கினால் ஒரு தானம் கீழே இறங்கும். இவ்விதிகளை எண்ணால் வகுத்து நூலில் எழுதியவர் பிரெஞ்சு நாட்டுத் துறவியாகிய மெர்சென். அவருடைய நூல் 1636இல் வெளிவந்தது. நாற்பதாம் எண் நூலுக்கும் பத்தாம் எண் நூலுக்கும் எடையில் என்ன விகிதமோ, அதே விகிதமே மேல் சட்சம் பேசும் நரம்புக்கும், அதே நீளத்தில் அதே இழுவிசையில் கீழ்ச் சட்சம் பேசும் நரம்புக்கும் உரியது. நெசவாளர் நூல் மாற்றும் கணக்கும் வீணைக்காரர் நரம்பு மாற்றும் கணக்கும் ஒன்றே என்பது இப்போது விளங்கும்.

பழந்தமிழரின் யாழில் இக்கணக்கு வேறொரு வடிவில் இருந்தது. யாழ் என்பது வில்லின் வழிவந்த கருவி. வளைந்த கோட்டுக்கும் பத்தருக்கும் இடையே நரம்புகள் ஒன்றைவிட ஒன்று நீண்டு கட்டப்பட்டிருக்கும். அதில் மெட்டு இல்லை. விரலால் அழுத்தி ஒலியை மாற்றும் பலகையும் இல்லை. ஒரு நரம்புக்கு ஓர் ஒலி. ஆகவேதான் பழந்தமிழில் ‘நரம்பு’ என்ற சொல்லே சுரத்தையும் குறித்தது. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழும் ஏழு நரம்புகள் எனப்பட்டன. கருவியின் அமைப்பே மொழியின் சொல்லாக நிலைத்துவிட்டதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுமோ?

யாழில் தாழ்ந்த ஒலிக்கு நீண்ட நரம்பு, உயர்ந்த ஒலிக்குக் குறுகிய நரம்பு. செங்கோட்டு யாழுக்கு ஏழு நரம்பு, பேரியாழுக்கு இருபத்தொன்று. இருபத்தொரு நரம்பு என்றால் மூன்று தானம். மூன்று தானத்தையும் நீளத்தால் மட்டுமே பெற முயன்றால், கடைசி நரம்பு முதல் நரம்பைப்போல் ஏறத்தாழ எட்டு மடங்கு நீளம் வேண்டும். அவ்வளவு பெரிய கருவியைப் பாணன் தோளில் சுமந்து ஊர் ஊராகச் செல்ல இயலாது. எனவே நீளத்தோடு பருமையும் கூடியே தாழ்ந்த ஒலி பிறந்திருக்க வேண்டும் என்பதைக் கணக்கே நமக்குச் சொல்லிவிடுகிறது. பேரியாழ் கட்டியவர் நரம்பின் பருமையைத் தேர்ந்தெடுக்கத் தெரிந்தவராக இருந்தாக வேண்டும்.

அவர்கள் எவ்வாறு தேர்ந்தனர்? பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம் யாழை வருணிக்குமிடத்தில், குரல் என்னும் ஒலியைக் கேட்டுக் கேட்டு நரம்பு தொடுத்ததைக் கூறுகிறது. அந்நரம்பின் புரி சுகிரப்பட்டது என்றும் கூறுகிறது. சுகிர்தல் என்பது பிசிர் நீங்க வாருதல். பாவு நூலுக்குக் கஞ்சி தோய்த்துப் பிசிர் அடங்க வாருகின்ற நெசவாளருக்கு இச்சொல்லின் பொருளை விளக்க வேண்டியதில்லை. பிசிர் நின்ற இடத்தில் நரம்பின் எடை கூடும்; எடை கூடிய இடத்தில் ஒலி பிழைபடும். ஆகவே பருமை எவ்வளவு என்பதோடு, அப்பருமை தலை முதல் கடை வரை ஒரே சீராக உள்ளதா என்பதையும் அவர்கள் நோக்கினர்.

நரம்பின் குற்றம் நான்கு என்று பழைய இசைமரபு வகுத்தது: கொடும்புரி, மயிர், தும்பு, முறுக்கு என்பன அவை. புரி கோணியிருத்தல், இடையே மயிர் கலந்திருத்தல், நார்ப்பிசிர் நிற்றல், முறுக்கு மிகுதல் என்று இவற்றை விரித்துச் சொல்லலாம். நான்கும் நரம்பின் சீரைக் கெடுப்பவை. திருத்தக்கதேவர் இயற்றிய சீவக சிந்தாமணியில் இம்மரபு ஒரு நாடகக் காட்சியாகவே வருகிறது. யாழ்ப் போட்டியில் காந்தருவதத்தையை வெல்ல வந்த சீவகன், தன்முன் கொண்டுவரப்பட்ட யாழ்களை ஒவ்வொன்றாக ஆராய்கிறான். நீரில் ஊறிய மரத்தால் செய்தது, நெருப்புப்பட்ட மரத்தால் செய்தது என்று குற்றம் கண்டு ஒதுக்குகிறான். நரம்பில் மயிர் கலந்திருப்பதையும் எடுத்துக்காட்டுகிறான். வாசிப்பதற்கு முன்னரே, தேர்வு செய்யும் அறிவில் அவன் பாதி வெற்றி பெற்றுவிடுகிறான். கலைஞனின் பெருமை விரலில் தொடங்குவதன்று, கருவியை ஆராய்வதில் தொடங்குவது என்பது அக்காட்சியின் கருத்து. அந்நூலை 1887இல் அச்சிட்டு நமக்கு அளித்தவர் உ. வே. சாமிநாதையர்.

கொங்கு நாட்டின் பங்கு இங்கே தொடங்குகிறது. சென்னிமலைக்கு அண்மையில் விசயமங்கலம் என்ற பழைய ஊர் உண்டு. சமணக் கோயிலால் புகழ்பெற்றது. அவ்வூரினர் எனப் போற்றப்படும் கொங்குவேளிர் இயற்றிய காப்பியம் பெருங்கதை. அதன் தலைவன் உதயணன் யாழ் வல்லவன். அவனது யாழின் பெயர் கோடபதி. மதங்கொண்ட யானையையும் அதன் இசை அடக்கியது என்று கதை கூறுகிறது. அந்த யாழ் அவனைவிட்டு ஒரு காலத்தில் பிரிந்துபோகிறது, மீண்டும் கிடைக்கிறது. அது மீண்டும் கிடைத்ததைச் சொல்ல அக்காப்பியத்தில் ஒரு தனிப் பகுதியே உண்டு. ஒரு கருவி கிடைத்ததைக் காப்பிய நிகழ்ச்சியாகக் கருதிய காலம் அது. 1924இல் இந்நூலும் சாமிநாதையர் முயற்சியால் அச்சில் வந்தது.

அடுத்து, சிலப்பதிகாரத்துக்கு விரிந்த உரை வகுத்த அடியார்க்கு நல்லார். இவர் நிரம்பை என்னும் ஊரினர். அவ்வூர் கொங்கு நாட்டைச் சார்ந்தது என்பது ஆராய்ச்சியாளர் கொள்கை. யாழின் உறுப்புகளையும் இசையின் இலக்கணத்தையும் நாம் இன்று ஓரளவேனும் அறிய முடிவதற்கு இவ்வுரையாசிரியருக்குப் பெரிதும் கடமைப்பட்டிருக்கிறோம். தம் காலத்திலேயே பழைய இசை நூல்கள் பல இறந்துபட்டன என்று அவர் குறித்துள்ளார். அவர் கையாண்ட நூல்களுள் ஒன்று பஞ்சமரபு. அது மறைந்துவிட்டது என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தனர். ஆனால் 1970களில், கொங்கு நாட்டு வித்துவான் தெய்வசிகாமணிக் கவுண்டரின் முயற்சியால் அது ஏட்டிலிருந்து அச்சுக்கு வந்தது. கொங்கு நாட்டு உரையாசிரியர் ஒருவர் சுட்டிய நூலைப் பல நூற்றாண்டு கழித்துக் கொங்கு நாட்டவர் ஒருவரே மீட்டுக் கொடுத்தது மகிழத்தக்க செய்தி.

இவை ஏட்டுச் சான்றுகள். கல்லில் எழுதிய சான்று ஒன்றும் அருகிலேயே உண்டு. ஈரோட்டுக்கும் சென்னிமலைக்கும் அண்மையிலுள்ள அறச்சலூரில், நாகமலை என்னும் குன்றின் குகைத்தளத்தில், பழைய எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. அதனை அறிஞருலகுக்கு எடுத்துக்காட்டியவர் புலவர் செ. இராசு. த, தை, தா என்பன போன்ற அசைகள் ஐந்து வரியில், வரிக்கு ஐந்தாக, கட்டம் கட்டியதுபோல் அமைந்துள்ளன. இடமிருந்து வலமாகவும் மேலிருந்து கீழாகவும் எப்படிப் படித்தாலும் அதே வரிசை வரும். இசைக்கோ கூத்துக்கோ உரிய தாளக்கட்டு இது என்று அறிஞர் கருதுகின்றனர். இதன் காலத்தைக் கி.பி. 2 முதல் 4 வரையுள்ள நூற்றாண்டுகளில் வெவ்வேறாகக் கணிப்பர். இவ்வெழுத்துகளைச் சேர்த்தமைத்தவன் மணிய வண்ணக்கன் தேவன் சாத்தன் என்று அங்கேயே பெயரும் பொறிக்கப்பட்டுள்ளது.

வண்ணக்கன் என்பவன் மணியையும் பொன்னையும் நோட்டம் பார்ப்பவன். அறச்சலூருக்கு மேற்கே நொய்யல் கரையில் உள்ளது கொடுமணல். 1985 முதல் நடந்த அகழாய்வுகளில், அங்கே மணிகளைத் தீட்டித் துளையிட்ட தொழிற்கூடங்களின் அடையாளங்கள் கிடைத்தன. இரும்பும் எஃகும் உருக்கிய உலைகளின் தடயங்களும் கிடைத்தன. மணியின் குற்றத்தைக் கண்டறிவதே தொழிலாகக் கொண்ட ஒருவன், ஒலியின் ஒழுங்கைக் கல்லில் எழுதிவைத்திருக்கிறான் என்பதை எண்ணிப் பாருங்கள். நோட்டம் பார்க்கும் கண்ணும், சீர் பார்க்கும் செவியும், நூல் பார்க்கும் விரலும் ஒரே நாட்டில் ஒரே வகை மக்களிடம் வளர்ந்தன என்பதை இந்நிலப்பகுதி நமக்கு உணர்த்துகிறது.

இவ்வளவு இருந்தும் யாழ் வழக்கொழிந்தது ஏன்? அதற்குக் காரணங்கள் பல உண்டு. பாணர் தம் பழைய மதிப்பை இழந்தது ஒன்று. கருவியின் அமைப்பே மற்றொன்று. யாழில் ஒரு நரம்புக்கு ஓர் ஒலி என்றேன். ஒலிக்கும் ஒலிக்கும் இடையே வழுக்கிச் செல்லவும், ஒரு சுரத்தை அசைத்து உயிர் கொடுக்கவும் அதில் வழி குறைவு. தண்டின்மேல் நரம்பை நீட்டி, வேண்டிய இடத்தில் தடுத்து ஒலியைப் பெறும் வீணையில் ஒரே நரம்பு எல்லாச் சுரங்களையும் பேசும். மெல்ல மெல்ல வீணையே மேலோங்கியது. நரம்பு என்ற சொல்லோடு தந்தி என்ற வடசொல்லும், பின்னர்க் கம்பி என்ற சொல்லும் வழக்கில் சேர்ந்தன. குடலும் நாருமாக இருந்தது உலோகமானதை இந்த மூன்று சொற்களே வரிசையாகக் காட்டுகின்றன.

வீணையில் எல்லா நரம்பும் ஒரே நீளம். எனவே யாழுக்கு நீளம் செய்த வேலையில் பெரும்பகுதியை இங்கே பருமை செய்தாக வேண்டும். சாரணி, பஞ்சமம், மந்தரம், அனுமந்தரம் என நான்கு தந்திகள் மெட்டுகளின்மேல் செல்கின்றன. சாரணியைவிட மந்தரம் ஒரு தானம் கீழே. இரண்டுக்கும் இழுவிசை ஒத்திருக்க வேண்டுமாயின் மந்தரத்தின் எடை நான்கு மடங்காக வேண்டும். அதனால்தான் மேலிரண்டுக்கு மெல்லிய எஃகும், கீழிரண்டுக்குப் பருத்த பித்தளையோ வெண்கலமோ, சுற்றுக் கம்பியோ பூட்டுகின்றனர். மெல்லிய கம்பியையே தளர்த்திக் கீழ் ஒலியைப் பெறலாமே என்று ஒரு மாணவர் கேட்கலாம். பெறலாம், ஆனால் தளர்ந்த கம்பி மெட்டில் மோதிச் சலசலக்கும், ஒலி நிலைகொள்ளாது.

மற்றொரு மாணவர், “கம்பி அறாமல் மேலே சுருதி ஏற்றப் பருத்த கம்பி பூட்டலாமா?” என்று கேட்கலாம். இங்கே ஒரு வியப்பு உண்டு. கம்பியின் பருமையை இரு மடங்காக்கினால் அது தாங்கும் சுமை நான்கு மடங்காகும். ஆனால் அதே சுருதிக்கு ஏற்ற வேண்டிய இழுவிசையும் நான்கு மடங்காகும். ஆகவே ஒரே நீளத்தில், ஒரே உலோகத்தில், மெல்லிய கம்பியும் பருத்த கம்பியும் ஏறத்தாழ ஒரே சுருதியிலேயே அறும். உச்சச் சுருதியை வரையறுப்பவை நீளமும் உலோகமுமே. பருமையைக் கொண்டு நாம் தேர்ந்துகொள்வது, அந்த எல்லைக்குள் கம்பியின் விறைப்பையும் ஒலியின் நிறைவையும்தான்.

மெட்டுள்ள வீணைக்கு வருவோம். ஒரு தானத்துக்குப் பன்னிரண்டாக இருபத்துநான்கு மெட்டுகள் நிலையாக அமைந்த இன்றைய தஞ்சை வீணையின் வடிவம், 17ஆம் நூற்றாண்டில் இரகுநாத நாயக்கர் காலத்தில் உருப்பெற்றது என்பர். மெட்டுகளை மெழுகில் நிறுத்தி, ஒவ்வொன்றாகச் செவியால் சரிபார்த்து அமைப்பதை மேளம் கட்டுதல் என்பர். சுருதிப் பொறுப்பில் பாதியை மேளம் கட்டுபவர் ஏற்றுக்கொள்கிறார். மேலும், வீணையில் கமகம் பிறப்பது பெரும்பாலும் தந்தியை மெட்டின்மேல் பக்கவாட்டில் இழுப்பதால். இழுப்பதற்குத் தந்தி நெகிழ வேண்டும். மிகப் பருத்தோ மிக இறுகியோ இருந்தால் விரல் நோகுமே அன்றிச் சுரம் ஏறாது. ஆகவே வீணைக்கு மெல்லிய, அளவாகத் தளர்ந்த தந்தியே ஏற்றது.

மெட்டில்லாத கருவியில் நிலைமை தலைகீழ். அத்தகைய கருவிகள் நம் நாட்டுக்குப் புதியவை அல்ல. 13ஆம் நூற்றாண்டில் சார்ங்கதேவர் எழுதிய சங்கீத ரத்னாகரம், ஒரே நரம்புடைய, மெட்டில்லாத ஏகதந்திரி வீணையைச் சிறப்பித்துக் கூறுகிறது. தமிழகத்தில் அம்மரபைப் புதுப்பித்துச் சபைக்குக் கொண்டுவந்த கருவி கோட்டுவாத்தியம். சித்திர வீணை என்றும் வழங்கும். திருவிடைமருதூர் சகாராம ராவ் அதனைப் புகழுக்கு உரியதாக்கினார். செம்மங்குடி சீனிவாச ஐயர் அவரிடம் பயின்றவர். பின்னர் நாராயண ஐயங்கார் (1903–1959) மைசூர் அரண்மனை வித்துவானாக விளங்கி, உடன் அதிரும் தந்திகளைச் சேர்த்து அதன் ஒலியை நிறைவாக்கினார்.

கோட்டுவாத்தியத்தில் இடக்கையில் ஓர் உருளைக் கட்டையைப் பிடித்துத் தந்தியின்மேல் வழுக்கி வாசிக்கின்றனர். தந்தியைப் பக்கவாட்டில் இழுக்க வேண்டியதில்லை. எனவே அது நெகிழ வேண்டியதும் இல்லை. ஆனால் கட்டையின் கனத்தைத் தாங்க வேண்டும். தளர்ந்த தந்தியின்மேல் கட்டையை வைத்தால் அது கீழே தாழும், தாழ்ந்தால் இழுவிசை மாறும், சுருதி பிசகும். ஆகவே இங்கே வேண்டுவது பருத்த, இறுகிய தந்தி. வீணைக்குக் குணமாக இருந்த மென்மை கோட்டுவாத்தியத்துக்குக் குற்றமாகிறது. நரம்பின் பருமைக்கு நல்லது கெட்டது என்று தனியே ஒன்று இல்லை. கருவியின் அமைப்பும் கையின் செயலுமே அதை முடிவுசெய்கின்றன.

இன்னொன்றும் உண்டு. மெட்டில்லாத கருவியில் ஒரே தந்தி எல்லாச் சுரங்களையும் பேச வேண்டும். சரியான இடத்தைக் காட்ட மெட்டும் இல்லை. தந்தி எங்கேனும் சிறிது பருத்திருந்தால், இருக்க வேண்டிய இடத்தில் சுரம் இராது. சீரான தந்தியா என்று காண எளிய சோதனை ஒன்று உண்டு. நீளத்தின் சரிபாதியில் கட்டையை வைத்து இரு பக்கமும் மீட்டுங்கள். இரு பக்கமும் ஒரே ஒலி தந்தால் தந்தி சீரானது. தராவிட்டால் ஒரு பாதியைவிட மறு பாதி கனமானது. கொடும்புரியும் மயிரும் தும்பும் முறுக்கும் குற்றம் என்று நம் முன்னோர் வகுத்ததன் பொருள், இச்சோதனையில் தெளிவாகத் தெரிந்துவிடும்.

பருமை மிகுந்தால் வேறொரு தீமையும் வரும். மிகப் பருத்த ஒற்றைக் கம்பி விறைத்துக் கோல்போல் நடந்துகொள்ளும். அதன் மேலொலிகள் முறைப்படி அமையாமல் சற்றே மேலேறி, ஒலி மழுங்கும். இதற்கு மேனாட்டார் 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒரு வழி கண்டனர். மெல்லிய உள்நரம்பின்மேல் உலோகக் கம்பியை நெருக்கமாகச் சுற்றினர். எடை கூடியது, நெகிழ்வு குறையவில்லை. அக்கால வயலின் குடும்பத்துக் கருவிகள் தாழ்ந்த ஒலியில் நிறைவு பெற இது பெருந்துணை செய்தது. வயலினும் மெட்டில்லாத கருவியே. பாலுசுவாமி தீட்சிதர் (1786–1858) போன்றோர் அதனை நம் இசைக்கு உரியதாக்கினர். மேனாட்டுச் சுருதிக்கு என்று செய்யப்பட்ட நரம்புகளை நம் பாடகர் சுருதிக்கு இறக்கிக் கட்டினால் அவை தளர்கின்றன. எனவே ஒருபடி பருத்த நரம்பைத் தேட நேர்கிறது. ஒரு கட்டைச் சுருதியில் பாடுபவருக்கும் ஐந்து கட்டையில் பாடுபவருக்கும் ஒரே நரம்பு பொருந்தாது என்பது இதனால் விளங்கும்.

அயல்நாட்டின் புதுக் கருவி ஒன்றையும் இதே உரைகல்லில் உரைத்துப் பார்க்கலாம். மின்விசையால் ஒலிக்கும் பாஸ் கித்தாரை, அமெரிக்காவில் ஃபெண்டர் நிறுவனம் 1951இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. மெட்டில்லாத பாஸ் கித்தாரை ஆம்பெக் நிறுவனம் 1966இல் வெளியிட்டது. 1970களில் ஜாக்கோ பாஸ்டோரியஸ் என்னும் கலைஞர், மெட்டு நீக்கிய பாஸ் கித்தாரைப் பாடும் குரல்போல் பேசவைத்துப் புகழ்பெற்றார். சுற்றுக் கம்பியின் முரட்டுப் பரப்பு விரற்பலகையின் மரத்தை அராவும் என்பதால், அவர் பலகைக்குக் கெட்டியான பிசின் பூசிக்கொண்டார். வேறு சிலர், வட்டக் கம்பிக்கு மாறாகத் தட்டைக் கம்பி சுற்றிய வழவழப்பான நரம்பைத் தேர்ந்தனர். அதனால் மரமும் பிழைத்தது; ஒலியும் மென்மையானது.

அக்கருவியின் நான்கு நரம்புகளும் ஒரே நீளம். வழக்கமாக 34 அங்குலம். அடுத்தடுத்த நரம்புகளின் ஒலி நான்குக்கு மூன்று என்ற விகிதத்தில் இறங்கும். இழுவிசை ஒத்திருக்க வேண்டுமாயின் பருமையும் அதே விகிதத்தில் ஏற வேண்டும். மிக மெல்லிய நரம்பு 0.045 அங்குலம் என்று கொள்வோம். மூன்று முறை நான்கால் பெருக்கி மூன்றால் வகுத்தால், கடைசி நரம்புக்குக் கிடைப்பது ஏறத்தாழ 0.107 அங்குலம். கடையில் பரவலாக விற்கும் தொகுதியில் அந்த நரம்பின் அளவு 0.105. மெர்சென் எழுதிய விதி, அவர் கனவிலும் காணாத கருவியில் நூலிழை பிசகாமல் நிற்கிறது. அதே விதியைத்தான் பேரியாழ் கட்டிய பெயர் தெரியாத கைகளும், எழுதாமலே பின்பற்றின.

எழுதாமலே என்றேன். நம் வரலாற்றின் இழப்பு அச்சொல்லிலேதான் இருக்கிறது. யாழின் வடிவம் சிற்பங்களில் உண்டு. அதன் உறுப்புகளின் பெயர்கள் பாட்டிலும் உரையிலும் உண்டு. நரம்பின் குற்றங்களைக்கூட எண்ணி வைத்தனர். ஆனால் பேரியாழின் இருபத்தொரு நரம்புகளுக்கும் ஒவ்வொன்றின் பருமை இவ்வளவு என்று அளவிட்ட குறிப்பு நம் கைக்கு எட்டவில்லை. ஈழத்து அறிஞர் விபுலாநந்த அடிகள் விஞ்ஞானமும் தமிழும் ஒருங்கே கற்றவர். நெடுங்காலம் ஆராய்ந்து, கணிதத்தின் துணையால் பழந்தமிழிசையை விளக்கி, யாழ் நூலை 1947இல் அரங்கேற்றினார். அந்த ஆண்டிலேயே அவர் மறைந்தார். சிலப்பதிகாரம் முதலிய நூல்களின் குறிப்பைக் கொண்டு கணக்கால் எழுப்பிய மாளிகை அது. பாணன் தன் மகனுக்கு விரலால் தொட்டுக் காட்டிய அளவு எழுத்தில் இருந்திருந்தால், அடிகளின் பணி எவ்வளவு எளிதாகியிருக்கும்! கை கற்றதைக் கை மட்டுமே அறிந்திருக்கும்போது, கை ஓய்ந்ததும் கல்வியும் ஓய்கிறது.

அறச்சலூர் வண்ணக்கன் இதை உணர்ந்தவன்போல் காணப்படுகிறான். காற்றோடு கலந்து மறையும் தாளத்தை அவன் இருபத்தைந்து கட்டங்களில் கல்லில் நிறுத்திவிட்டான். அதனால்தான் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகள் கடந்த பின்னும் அவன் பெயரை நாம் சொல்லுகிறோம். யாழ் கட்டிய ஒருவனின் பெயரையாவது நம்மால் அவ்வாறு சொல்ல முடிகிறதா?

மாணவ நண்பர்களே, உங்கள் ஊரில் ஒரு நெசவாளர் இருப்பார். ஒரு வீணையோ வயலினோ வாசிப்பவர் இருப்பார். பம்பைக்கோ உடுக்கைக்கோ தோலும் நரம்பும் இழுத்துக் கட்டுபவர் இருப்பார். அவர்களிடம் செல்லுங்கள். “இது ஏன் இவ்வளவு பருமை? இது ஏன் இங்கே மெல்லியது?” என்று கேளுங்கள். அவர் சொல்லும் விடையை எண்ணோடும் அளவோடும், தேதியிட்டு எழுதிவையுங்கள். இது பெரிய ஆராய்ச்சி அன்று. ஒரு நோட்டுப் புத்தகமும் சிறிது பொறுமையும் உடையவர் எவரும் செய்யக்கூடியது. சென்னிமலையின் தறியில் ஓடும் நூலுக்கு ஓர் எண் உண்டு. அதனால் அந்தத் துணியை நாளையும் நெய்யலாம். பேரியாழின் நரம்புக்கு எண் எழுதுவார் இல்லாது போயினர். அதனால் அந்த இசையை நாம் கணக்கிட்டுத்தான் தேட வேண்டியிருக்கிறது. நம் காலத்துக் கைகள் அறிந்தவற்றுக்கேனும் அந்நிலை வாராமல் காப்பது, படிக்கத் தெரிந்த நம் ஒவ்வொருவரின் கடமை.